நூற்பாலை விடுதிப் பெண்களின் முறையீட்டை ஜெனீவா வரை கொண்டு செல்ல முடியுமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அவிநாசி, பெருந்துறை, காங்கேயம் வட்டாரங்களில் நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களுக்காக நாங்கள் எட்டுப் பேர் ஒரு சிறு குழுவாக இயங்கி வருகிறோம். சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம்; வெளிநாட்டு நிதி எதுவும் பெறுவதில்லை. இப்போது மூன்று பெண்களின் முறையீடு எங்கள் கையில் இருக்கிறது. அதை எந்த வழியில் கொண்டு செல்வது என்று தெரிந்தவர்களிடம் கேட்கவே எழுதுகிறேன்.

மூவரும் தேனி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏஜென்ட் மூலமாக வந்தவர்கள். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பெயர் போனதே தவிர ஏற்பாடு போகவில்லை. இரண்டு வருடம் எட்டு மாதம் கழிந்த நிலையில் உடல்நலம் கெட்டு வெளியே வந்தவர்களுக்கு, காலம் முழுமையாகவில்லை என்று சொல்லி அந்தத் தொகை மறுக்கப்பட்டது. விடுதிக் கதவைத் தாண்டி வெளியே போக மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், அதுவும் வார்டனுடன்தான் அனுமதி. வீட்டுக்குப் பேசவும் வார்டனின் போன்தான்.

மூவரில் ஒரு பெண் செய்திருக்கும் காரியம் என்னை உறங்கவிடவில்லை. விடுதிச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்களை எறியாமல், ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அன்றைய வேலையைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள். “1 ஷிப்ட் + 4 மணி” என்று பல தாள்களில் இருக்கிறது. ஒன்றில், “கை வலி. லீவு கேட்டேன். தரலை” என்று மட்டும் எழுதியிருக்கிறாள். ரப்பர் பேண்ட் போட்ட அந்தக் கட்டு இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தோம். ஆய்வுக்கு வருவது ஆலைக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்றைக்கு விடுதியில் புது மெத்தை விரித்திருந்தார்கள் என்று உள்ளே இருக்கும் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இரண்டு முறை மனுக் கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. பெண்கள் வெளியே வந்து பத்து மாதங்கள் ஆகின்றன.

இந்நிலையில் ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு எழுதலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எங்களைப் போன்ற சிறு குழுவின் தாளை அங்கே யாராவது படிப்பார்களா? படித்தால் இந்தப் பெண்களுக்கு என்ன கிடைக்கும்? இவர்களுடைய பெயர் வெளியே வந்து, அதனால் ஊரில் தொல்லை நேருமா? எங்கள் குழுவிலேயே ஒருவர், நம் வீட்டுச் சண்டையை அடுத்த ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கொண்டு போவது சரியா என்றும் கேட்கிறார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பவானிக்கூடல் எழுதியது:

வணக்கம். இந்தியாவின் மனித உரிமை நிலை பற்றி அந்தப் பேரவை நடத்திய 2022ஆம் ஆண்டு மீளாய்வுக்காகப் பல குழுக்கள் சேர்ந்து அனுப்பிய கூட்டறிக்கை ஒன்றில், தமிழ்நாட்டுச் சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஜெனீவாவில் இருப்பது நீதிமன்றம் அன்று. இதை அந்தப் பெண்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை மனித உரிமைப் பேரவை வாங்கித் தராது, ஆலைக்கு அபராதமும் விதிக்காது. அதனால் செய்ய முடிந்தது, ஓர் அரசைப் பெயர் சொல்லிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது. இங்கே ரசீதோடு நின்றுவிட்ட ஒரு மனுவை டில்லியில் ஓர் அமைச்சகம் எடுத்துப் படித்து, மாநிலத்திடம் விளக்கம் கேட்டு, மாநிலம் மாவட்டத்திடம் விளக்கம் கேட்கும் நிலை வருகிறதே, அதன் மதிப்பைக் குறைத்து எண்ணாதீர்கள்.

வழிகள் பல உண்டு. பேரவையின் 47 உறுப்பு நாடுகள் முன்னிலையில் ஒவ்வொரு நாடும் ஏறத்தாழ நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை மீளாய்வுக்கு வர வேண்டும். இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்தது. அடுத்த முறை 2027 வாக்கில் வரும். இதற்கு அறிக்கை அனுப்ப எந்தச் சிறப்பு அந்தஸ்தும் தேவையில்லை. தனி அமைப்பு என்றால் 2,815 சொற்கள், கூட்டறிக்கை என்றால் 5,630 சொற்கள் என்பது வரம்பு, தமிழில் ஏற்பதில்லை. உங்கள் அறிக்கையிலிருந்து இரண்டு வரிகளை ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் தன் தொகுப்பில் எடுத்துக்கொண்டால், அதைப் படித்து ஏதேனும் ஒரு நாடு இந்தியாவுக்குப் பரிந்துரை செய்யலாம். 2022இல் வந்த பரிந்துரைகள் 339. இந்தியா ஏற்றுக்கொண்டவை 221. ஏற்றுக்கொண்டதைப் பிறகு நினைவூட்டிக் கேட்கும் வேலை நம்முடையது.

பேரவைக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும் என்றால்தான் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனை அந்தஸ்து வேண்டும். அது எளிதில் கிடைப்பதன்று. சாதிப் பாகுபாட்டை உலக அரங்கில் எழுப்பி வரும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2007இல் விண்ணப்பித்து, இந்தியத் தரப்பு எழுப்பிய நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதி, 2022 டிசம்பரில்தான் அதைப் பெற்றது. நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அந்தஸ்து உள்ள அமைப்புகள் உங்கள் சான்றைப் பேசும்.

உங்கள் முறையீட்டுக்குப் பொருத்தமான வழி, பேரவை நியமிக்கும் சுயேச்சை வல்லுநர்களான சிறப்பு அறிக்கையாளர்கள்தான் என்பது என் கருத்து. சமகால அடிமைமுறை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் பொறுப்பு 2007இல் உருவாக்கப்பட்டது. அவருக்குத் தனிமனிதரும் எழுதலாம், சிறு குழுவும் எழுதலாம். உள்நாட்டு வழிகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. (பேரவையின் தனிப் புகார் நடைமுறைக்கு அந்த நிபந்தனை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) யாருக்கு, எங்கே, எந்தத் தேதியில், யாரால், என்ன நடந்தது என்பதை மட்டும் ஆத்திரம் கலக்காமல் எழுத வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் அரசுக்குக் கடிதம் போகும். பதிலுக்கு வழக்கமாக 60 நாள் அவகாசம். அதன் பின் கடிதமும், பதில் வந்திருந்தால் அதுவும், பொதுவில் வெளியாகும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். தகவல் கொடுத்த உங்கள் குழுவின் பெயரை அவர்கள் வெளியிட மாட்டார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவரின் பெயர் அரசுக்குப் போகும் கடிதத்தில் இடம்பெறக்கூடும். வேண்டாம் என்றால் அதை முன்கூட்டியே தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் தொகுத்த வேளையில் ஒரு தாய் என்னிடம், “என்ற புள்ள பேரு காயிதத்துல வந்துட்டா, நாளைக்கு அவளை யாருங்க கட்டுவாங்க?” என்று கேட்டார். சட்டம் அனைத்தையும் விளக்கிவிட்டு, இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் மகளின் சான்றை நாங்கள் சேர்க்கவில்லை. இன்றைக்கும் அதுவே சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஆகவே மூவரிடமும் தனித்தனியாக, தமிழில், பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது கேளுங்கள். ஒருத்தி வேண்டாம் என்றால் அவளை வற்புறுத்த வேண்டாம்.

அடுத்து, புகாரின் முகம் யாரை நோக்கி இருக்க வேண்டும் என்பது. ஆலை இப்படிச் செய்தது என்று மட்டும் எழுதினால் அது தனியார் தகராறாகப் போய்விடும். ஆய்வு முன்கூட்டியே கசிந்தது, மனுக்களுக்குப் பதில் இல்லை, கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் 1976இன் கீழ் விசாரணை நடக்கவில்லை என்று, காக்க வேண்டிய அரசு காக்கத் தவறியதை முன்னால் வையுங்கள். மனித உரிமைச் சட்டத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டது அரசு. உள்நாட்டிலும் இதே கதைதான்: 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தேசிய மனித உரிமை ஆணையம் பொது ஊழியரின் மீறலையோ, மீறலைத் தடுக்காத அவருடைய அலட்சியத்தையோதான் விசாரிக்கும். அந்தச் சட்டத்தில் ஓராண்டு வரம்பும் இருக்கிறது. பெண்கள் வெளியே வந்து பத்து மாதம் என்கிறீர்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டே மாதம். ஜெனீவாவைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த வாரமே ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதிப் போடுங்கள், கட்டணம் இல்லை.

அந்தக் காலண்டர் தாள்களைப் பற்றி ஒன்று. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. தாளில் இருக்கும் மணிக்கணக்கையும் சம்பளச் சீட்டில் இருக்கும் தொகையையும் தேதிவாரியாக எதிரெதிரே எழுதிப் பாருங்கள். மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கும்போது குறைந்தபட்சக் கூலி வரவில்லை என்றால், உங்கள் அலமாரியில் இருப்பது கட்டாய உழைப்புக்கான சான்று. அசல் தாள்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, மூன்று இடங்களில் வையுங்கள்.

சிங்காநல்லூர் பஞ்சாலை எழுதியது:

பவானிக்கூடல் ஐயா சொன்னவற்றோடு, தொழிற்சங்க வழியையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். என் தந்தையும் பாட்டனாரும் கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள். பெண் தொழிலாளி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையை ஒட்டி எழுந்த மோதலில், சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். ஆலைக்குள் ஒரு பெண்ணின் மானமும் கூலியும் சங்கத்தின் பொறுப்பு என்பது எங்கள் வீட்டில் பழைய பேச்சு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் இந்தியா 1919 முதலே உறுப்பு நாடு. கட்டாய உழைப்பு பற்றிய 29ஆம் உடன்படிக்கையை 1954இல் ஏற்றிருக்கிறது. அந்த அமைப்பில் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் மூவருக்கும் இடம் உண்டு. ஆனால் உங்களைப் போன்ற தன்னார்வக் குழு நேரடியாக முறையிட முடியாது, தொழிற்சங்கம்தான் முறையிட முடியும். ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை அரசு எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று நிபுணர் குழு ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறது. அதற்குச் சங்கங்கள் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் தங்கள் கருத்தை அனுப்பலாம். தொழிலாளர் ஆய்வு பற்றிய 81ஆம் உடன்படிக்கையையும் இந்தியா 1949இலேயே ஏற்றிருக்கிறது. ஆய்வாளர் வருவதற்கு முன் மெத்தை விரிக்கப்பட்டது என்ற உங்கள் செய்தி நேராக அதில் போய் நிற்கும்.

சங்கம் சேர்க்கும் உரிமை பற்றிய 87, 98 ஆகிய இரண்டு உடன்படிக்கைகளையும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஆனாலும் சங்கச் சுதந்திரக் குழு என்று 1951 முதல் ஒரு குழு செயல்படுகிறது. ஏற்காத நாட்டைப் பற்றிய புகாரையும் அது விசாரிக்கும். விடுதிக்குள் சங்கத்தார் நுழையவே முடியாத நிலை இருந்தால், அதற்கு இந்த வழி உண்டு. உங்கள் குழு ஏதேனும் ஒரு பஞ்சாலைச் சங்கத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. தனியாகப் போனால் கதவு பாதிதான் திறக்கும்.

திருப்பூர் ஜாப்ஒர்க் எழுதியது:

நான் முப்பது மெஷின் வைத்து ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுப்பவன். அந்தப் பெண்களுக்கு நடந்தது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் வீட்டிலும் பெண்பிள்ளை இருக்கிறாள். ஆனால் ஜெனீவா, ஐரோப்பா என்று செய்தி போனால், வெளிநாட்டு வாங்குநர் ஆலையைத் திருத்தச் சொல்ல மாட்டார். ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார். தப்பு செய்த ஆலை வேறு பெயரில் ஓடும். வெள்ளிக்கிழமை சம்பளத்தை நம்பி இருக்கும் என்னிடத்துப் பெண்கள்தான் வீட்டில் உட்காருவார்கள். இதையும் மனத்தில் வைத்து எழுதுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பவானிக்கூடல் எழுதியது:

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. பல இடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. அதற்காகவே, வணிகமும் மனித உரிமையும் பற்றி 2011இல் பேரவை ஏற்ற வழிகாட்டு நெறிகள், வாங்குநர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி நிலைமையைத் திருத்த முயல வேண்டும், உறவை முறித்துக்கொள்வதாக இருந்தால் அதனால் தொழிலாளருக்கு வரும் கேட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கின்றன. இதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. திண்டுக்கல்லில் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் 2022 ஏப்ரலில் ஆடை நிறுவனத்தோடும் வெளிநாட்டு வாங்குநர்களோடும் ஒப்பந்தம் போட்டது. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்க, உள்ளே வேலை செய்யும் பெண்களையே கண்காணிப்பாளர்களாக வைக்கும் ஏற்பாடு அதில் உண்டு. ஆகவே முறையீட்டில், ஆர்டரை நிறுத்தாதீர்கள், ஆலையைத் திருத்துங்கள் என்று ஒரு பத்தியை வெளிப்படையாகவே எழுதலாம்; எழுதத்தான் வேண்டும். அந்தப் பத்தியை எழுதும்போது உங்களைப் போன்றவரும் அருகில் இருந்தால் நல்லது.

தாளவாடி மலையோரம் எழுதியது:

வீட்டுச் சண்டையை வெளியூர்ப் பஞ்சாயத்துக்குக் கொண்டு போகலாமா என்று கேட்ட நண்பருக்காக எழுதுகிறேன். எங்கள் மலையில் இது பழைய கேள்வி.

1993இல் தமிழக, கர்நாடகக் கூட்டு அதிரடிப் படை அமைந்தபின், வீரப்பனைத் தேடுகிறோம் என்ற பெயரில் சத்தியமங்கலம், அந்தியூர், மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மக்கள் பட்ட பாட்டை எங்கள் தலைமுறை மறக்காது. பிடித்துப் போன ஆணைத் தேடிப் போன பெண்ணும் திரும்பி வரவில்லை என்ற வீடுகள் உண்டு. உள்ளூர்க் காவல் நிலையத்தில் யார் மேல் யாரிடம் புகார் கொடுப்பது? மனித உரிமை அமைப்புகள் ஊர் ஊராக வந்து வாக்குமூலம் எழுதித் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குக் கொண்டு போனார்கள். 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அறிக்கை 2003 டிசம்பரில் வந்தது. 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் வழங்கச் சொல்லி ஆணையம் பரிந்துரைத்தது 2007 ஜனவரியில். வதைத்தவர்கள் தண்டிக்கப்படவில்லையே என்ற வேதனை எங்களுக்கு இன்றும் உண்டு.

விசாரணைக்கு வந்த பாட்டி ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவன் நான். அப்போது எனக்கு இருபது வயது. முந்தானை முடிச்சிலிருந்து அவர் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார். மடிப்பு விட்டுப் போய் நான்கு துண்டாக இருந்தது; சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். அதில் தேதி மட்டும் தெளிவாக இருந்தது. விசாரித்தவர் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, மேசையில் வைத்து, தேதியை உரக்கப் படித்துப் பதிவு செய்யச் சொன்னார். வெளியே வந்ததும் பாட்டி, “ஏங்கண்ணு, படிச்சுட்டாங்கல்ல?” என்று கேட்டார். பணம் வருமா என்று கேட்கவில்லை.

வீட்டுக்குள்ளேயே கேட்க ஆள் இருந்திருந்தால் எங்கள் ஜனம் டில்லி வரை போயிருக்காது. பஞ்சாயத்து எந்த ஊரில் கூடினாலும் அடிபட்டவருக்கு உட்காரப் பாய் போட வேண்டும். எங்களுக்கு அந்தப் பாயை முதலில் போட்டவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். இன்னொன்று: எல்லாம் முடிய எட்டு வருடம் ஆயிற்று. அத்தனை வருடமும் அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போய்வர உங்கள் எட்டுப் பேரில் யார் இருப்பார்கள் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். சான்று வாங்கிப் போனவர்கள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை என்ற குறை எங்கள் மலையில் நிறைய உண்டு.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மூன்று பெண்களையும் அவரவர் ஊரில் போய்ப் பார்த்தோம். எங்கள் குழுவின் பெண்கள் இருவர் மட்டும் உள்ளே போய்ப் பேசினார்கள். நான் வெளியே திண்ணையில் இருந்தேன். இருவர் சம்மதித்தார்கள். ஆனால் பெயரின் முதல் எழுத்து மட்டும் வர வேண்டும், ஊர்ப் பெயர் வரக் கூடாது என்றார்கள். அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மூன்றாவது பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவள் வேண்டாம் என்றாள். அவளைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டோம்.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போன வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் தமிழில் அனுப்பியாகிவிட்டது. பஞ்சாலைச் சங்கம் ஒன்றோடு பேசியிருக்கிறோம். செப்டம்பர் 1க்கு முன் எழுதித் தர ஒப்புக்கொண்டார்கள். ஆர்டரை நிறுத்த வேண்டாம் என்ற பத்தியை எழுத ஜாப்ஒர்க் ஐயா ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுச் சண்டை என்று கேட்ட எங்கள் நண்பர் தாளவாடி ஐயாவின் பதிலை இரண்டு முறை படித்துவிட்டு, புதுக்கோட்டைக்கு மாதாமாதம் போய்வரும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

காலண்டர் தாள்களையும் சம்பளச் சீட்டுகளையும் எதிரெதிரே வைத்து எழுத ஆரம்பித்தோம். ஏழு மாதக் கணக்கு முடிந்திருக்கிறது; ஏழிலும் குறைந்தபட்சக் கூலி எட்டவில்லை. தாள்களை எழுதிய பெண்ணிடம் படம் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். “உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணா, இங்க வெச்சா அம்மா அடுப்பெரிச்சுரும்” என்றாள். பிறகு சற்று யோசித்துவிட்டு, கை வலி என்று எழுதிய அந்த ஒரு தாளையும் அனுப்புவீர்களா என்று கேட்டாள். அனுப்புவோம் என்று சொல்லியிருக்கிறேன். அதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது “தரலை” என்ற சொல்லை எப்படி எழுதுவது என்பதற்குப் பவானிக்கூடல் ஐயா உதவ வேண்டும்.